வாழிடம்

எட்டரைக்கு மயிலிட்டியில் பஸ் இறக்கிவிட்டது.
வெயில் ஏற முதல் பறிக்க வேண்டும்,
உச்சிக்கு முன்னே இதழ் கொட்டிவிடும்.
ஐந்து இதழ், மஞ்சள்,
சட்டைப் பொத்தான் அளவுதான்.
புளியிலைபோல இரண்டிரண்டாய் இலை.
எழும்பி நிற்கத் தெரியாத தண்டு
படுத்தபடியே எல்லாத் திசைக்கும் போகிறது.

பெயர் எனக்குத் தெரியும்.
என் சைக்கிளுக்கும் தெரியும்.
பரமேஸ்வராச் சந்தியில் ஒட்டுப் போடுகிற கிருபைராசா
ரியூபைத் தண்ணீருக்குள் அமத்தி
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து
என்னை நிமிர்ந்து பாராமலே சொல்வார்:
"நெருஞ்சி."
நூறு ரூபாய்.

ஆய்வுகூடத்தில் அதற்கு வேறு பெயர்.
திரிபுலஸ் தெரெஸ்திரிஸ்.

முதற்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, மூன்று முனை.
செடியின் பெயரை இரும்புக்கு வைத்தார்களா
இரும்பின் பெயரைச் செடிக்கு வைத்தார்களா
என்று கேட்டேன்.
விரிவுரையாளர் தேநீரை ஊதினார்.
குதிரைகள் வரும் வழியில் வீசிவிடுகிற இரும்பு அது.
எப்படி எறிந்தாலும்
மூன்று முள் நிலத்தில் ஊன்ற
நாலாவது வானத்தைப் பார்த்திருக்கும்.
எறிந்தவன் வீடு போய்க் கிழவனாகிச் செத்த பிறகும்
ஒரு குளம்புக்காகப் பொறுத்திருக்கும்.

வகுப்பில் ஒருவரும் அதைக் குறிப்பெடுக்கவில்லை.
எங்களுக்கு அது புதிய பாடமில்லை.

இரண்டாவது சொல்: நிலத்தினது.
தண்ணீரிலும் ஒரு முட்காய் இருந்ததாம்,
அதிலிருந்து பிரித்துச் சொல்ல.
யாருடைய நிலம் என்று இலத்தீன் கேட்பதில்லை.

கடைசியில் ஓர் எழுத்து, அருகில் ஒரு புள்ளி,
பெயர் வைத்தவரின் சுருக்கம்.
எங்கள் எழுத்தில் புள்ளி வைத்தால்
உயிர் கழன்று மெய் மிஞ்சும்.
காயவைக்கிற செடிக்கும் அதுதான்.

வேரோடு கிண்டியெடுத்துப்
பழைய பேப்பருக்குள் வைத்தேன்.
மரண அறிவித்தல் பக்கம்.
"மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும்
ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட"
என்பது வரைக்கும் தெரிந்தது.
ஆளின் பெயர் தண்டுக்குக் கீழே போய்விட்டது.

முழங்காலில் வைத்துச் சீட்டு நிரப்பினேன்.
குடும்பம். திகதி. சேகரித்தவர்.
வாழிடம்: தரிசு நிலம்.

"என்ன எழுதுறீர்?"

அங்காலே தனியாக நின்று
ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு
நூல் பிடித்துக்கொண்டிருந்தவ.
றெஜினாள் என்று பிறகு சொன்னா.
இருபத்தேழு வருசம் வேறு வேறு ஊர்களில் இருந்து
போன கிழமைதான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

வாசித்துக் காட்டினேன்.

நூலைக் கீழே வைத்தா.
பாட்டாச் செருப்பால் மண்ணை ஒருதரம் வழித்தா.
சிவப்புச் சீமெந்து.
அதில் ஒரு வெடிப்பு.
வெடிப்புக்குள் நான் அறுத்த வேரின் மிச்சம்
இன்னும் ஈரமாய்.

"தரிசில்லைத் தம்பி, குசினி.
நீர் நிக்கிறது அடுப்படி."

சட்டென்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.
"அதிலயும் நிக்காதையும், அது அம்மி"
என்று சிரித்தா.
பிறகு குந்தியிருந்து
வெறுங்கையால் மிச்சக் கொடிகளை இழுக்கத் தொடங்கினா.
ஐந்தாய் உடைகிற காய்கள்
அவவின் சேலைக் கரையெல்லாம் ஏறின.
"வேணுமெண்டா எல்லாத்தையும் கொண்டு போம்."

தரிசு நிலத்தை வெட்டினேன்.
குசினித் தரை, சீமெந்து வெடிப்பு என்று எழுதினேன்.
விரிவுரையாளர் திருத்துவார்.
திருத்தட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்
சப்பாத்துக்குள் ஏதோ குத்தியது.
கழற்றிப் பார்த்தேன்,
காயில் ஐந்திலொன்று, இரண்டு கொம்போடு.
ஜன்னலால் எறியப் போன கை
பாதியில் நின்றுவிட்டது.
வெளியே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
எங்களை முந்தப் பார்த்துச் சைக்கிள் மிதித்தாள்.

சட்டைப் பையில் போட்டேன்.
தெல்லிப்பழை தாண்டும்வரை
அது அங்கே குத்திக்கொண்டே வந்தது.